பெல்ட்டை முறுக்கும் முன்: பவர் வீடர், பவர் டில்லர் கேள்வி-பதில்

ஆடி உழவுக்கு வண்டியை வெளியே எடுக்கும் நேரம் என்பதால், இந்த இதழில் பெல்ட் பற்றிய கேள்விகள் மட்டும். கீழே எந்த வேலையைச் சொன்னாலும் ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோல் எஞ்சின் என்றால் அணைத்து, ஆறவிட்டு, பிளக் கேப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே கை வைக்க வேண்டும். டீசல் என்றால் எஞ்சினை நிறுத்தி, டீசல் வால்வை அடைத்த பிறகு. பெல்ட்டைக் கையால் சுற்றும்போது எஞ்சினும் சேர்ந்தே சுற்றும். சூடான எஞ்சின் அந்த ஒரு சுற்றில் வெடித்துக் கிளம்பினால், புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருக்கும் விரல் திரும்ப வராது.

7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் வைத்து வாழைக்கு இடையில் களை எடுக்கிறேன். ஈர மண்ணில் நன்றாக ஓடுகிறது. கெட்டி மண் வந்தால் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, கத்தி நின்றுவிடுகிறது, ரப்பர் கருகிய வாடை வருகிறது. ஒரே பருவத்தில் இரண்டு பெல்ட் மாற்றிவிட்டேன். மட்டமான பெல்ட்டைத் தருகிறார்களா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பெல்ட் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு பெல்ட்டும் ஒரே மாதிரி கருகின என்றால், குற்றம் பெரும்பாலும் பெல்ட்டைச் சுற்றியுள்ள பாகங்களில்தான் இருக்கும்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் பெல்ட்தான் கிளட்சா, அல்லது கிளட்ச் தனியாக இருக்கிறதா? மூடியைக் கழற்றி, கைப்பிடியில் உள்ள கிளட்ச் லீவரை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு சின்ன உருளை நகர்ந்து வந்து பெல்ட்டை அழுத்தினால் பெல்ட்தான் கிளட்ச். அந்த உருளைக்குக் கடைக்காரர்கள் டென்ஷன் புல்லி என்றும் ஜாக்கி புல்லி என்றும் சொல்வார்கள். லீவரை விட்டால் பெல்ட் தளர்ந்து புல்லியில் சும்மா கிடக்கும், அழுத்தினால் இறுகி இழுக்கும். பெரிய டீசல் பவர் டில்லர்களில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே ஓடும். அவற்றில் கிளட்ச் என்பது கியர் பெட்டிப் பக்கத்துப் புல்லிக்குள் இருக்கும் தட்டுகள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் முதல் வகைக்குப் பொருந்துவதால் அதன்படியே சொல்கிறோம்.

முதல் சந்தேகம் கிளட்ச் கேபிள்மேல். புதுக் கேபிள் முதல் சில நாட்களிலேயே கொஞ்சம் நீளும். நீண்டதும், லீவரைக் கைப்பிடியோடு ஒட்ட அழுத்தினாலும் டென்ஷன் புல்லி பாதி வழியில் நின்றுவிடும். ஈர மண்ணுக்கு அந்தப் பாதி அழுத்தம் போதும், கெட்டி மண்ணுக்குப் போதாது. கேபிளின் ஒரு முனையில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். லீவரை முழுக்க அழுத்தும்போது அந்த ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும்படி விரிய வேண்டும். விரியவே இல்லை என்றால் பெல்ட்டில் போதிய இறுக்கம் ஏறவில்லை. கேபிள் உறையின் முனையில் இரண்டு நட்டுகள் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று என்று வெளிப்பக்கம் நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் லீவரை விட்டுப் பார்க்க வேண்டும். விட்ட நிலையில் கேபிளில் சில மில்லிமீட்டராவது தளர்ச்சி மிஞ்ச வேண்டும், பெல்ட் தொங்கலாக இருக்க வேண்டும். தளர்ச்சி போய்விட்டால் கிளட்ச் விடாது. அந்த ஆபத்தை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

அடுத்தது டென்ஷன் புல்லியைத் தாங்கும் கை. அது ஒரு போல்ட்டில் கீல் போல ஆட வேண்டும். மண்ணும் துருவும் ஏறி அது இறுகிவிட்டால் லீவரின் பலம் முழுக்க அந்தக் கீலிலேயே கரைந்துபோகும். கழற்றித் துடைத்து, கீலில் மட்டும் ஒரு சொட்டு கிரீஸ் தடவுங்கள், பெல்ட் பக்கம் வழியக் கூடாது. உருளையைக் கையால் சுற்றும்போது பேரிங் கரகரவென்றால் மாற்றிவிடுங்கள். பேரிங் இறுகிச் சுற்றாத உருளைமீது பெல்ட் தேய்ந்தாலும் இதே கருகல் வாடைதான் வரும்.

மூன்றாவது, பலரும் பார்க்காத இடம்: புல்லியின் பள்ளம். வி-பெல்ட் தன் அடிப்பக்கத்தால் இழுப்பதில்லை. இரண்டு பக்கச் சரிவும் பள்ளத்தின் சுவர்களில் ஆப்பு போல இறுகித்தான் இழுக்கிறது. சுவர் தேயத் தேய பெல்ட் கீழே இறங்கி, ஒரு நாள் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் கருகும். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னுகிறதா பாருங்கள். பெல்ட் படாத புல்லியில் அடிப்பகுதி மங்கலாக, துரு நிறத்தில்தான் இருக்கும். பிறகு ஒரு நேரான இரும்புத் துண்டைப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால், அதுவும் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஆழம் இருந்தால், புல்லியை மாற்றுங்கள். முதலில் தேய்வது எஞ்சின் பக்கத்துச் சின்னப் புல்லிதான். அதுதான் வேகமாகச் சுற்றுகிறது, பெல்ட் அதில்தான் குறைவான தூரம் சுற்றிப் பிடிக்கிறது. புதுப் பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை மேலாகவோ இருப்பதே சரியான இருப்பு.

கடைசியாக எண்ணெய். எஞ்சின் அச்சு வெளியே வரும் இடத்தில் உள்ள ஆயில் சீல் கசிந்தால், சுற்றும் புல்லி அந்த எண்ணெயைப் பெல்ட்டிலேயே விசிறும். மூடியின் உட்புறத்தில் ஒரு கோடாக எண்ணெய் தெறித்திருக்கும். சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. எண்ணெய் ஊறிய பெல்ட் உப்பி மெத்தென்று ஆகிவிடும். துடைத்தாலும் தேறாது.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகும் வழுக்கினால், கொத்தும் ஆழத்தைக் குறையுங்கள். காய்ந்த களிமண்ணில் ஒரே ஓட்டத்தில் முழு ஆழம் போக முயல்வதைவிட, மேலாக ஒருமுறை, ஆழமாக ஒருமுறை என்று இரண்டு ஓட்டமாகப் போவது டீசலுக்கும் பெட்ரோலுக்கும் பெல்ட்டுக்கும் மிச்சம். கத்தி நின்ற பிறகும் லீவரைப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். பெல்ட்டின் உள்வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பெல்ட் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நின்ற பெல்ட்டில் எஞ்சின் புல்லி உரசும்போது ஏறும் வெப்பம் பத்து இருபதோடு நிற்பதில்லை. ஒரே இடத்தில் வெந்து, அங்கே பள்ளம் விழுந்துவிடும். அதன்பிறகு ஓடும்போது டப், டப் என்று ஒரு தட்டல் கேட்கும்.

லீவரை விட்ட பிறகும் கத்தி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெல்ட் புதியது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திண்டிவனம்

சரியாகும்வரை ஓட்டாதீர்கள். கத்தியில் சிக்கிய கடலைக்கொடியை எடுக்கக் குனிபவர் லீவரை விட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில்தான் குனிகிறார். எஞ்சினை அணைக்காமல் கத்தியில் கை வைக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தும் களத்தில் நடப்பது அதுதான்.

பெல்ட் கிளட்ச் வண்டிகளில் புல்லிகளுக்கு அருகே கம்பி வளைவு அல்லது தகடு ஒன்று இருக்கும். பெல்ட் கைடு என்பது அதுதான். லீவரை விட்டதும் தளர்ந்த பெல்ட் வெளிப்பக்கம் உப்பும். கைடு அதைத் தடுத்து உள்ளே தள்ளுவதால், பெல்ட் எஞ்சின் புல்லியை விட்டு எழும்பி நிற்கும். பெல்ட் மாற்றும்போது இடைஞ்சல் என்று கைடைக் கழற்றி, திரும்பப் பூட்டாமல் மூடியைப் போட்டுவிடுவது பட்டறைகளில் சாதாரணம். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லீவரை அழுத்திக் கட்டிவைத்து, பெல்ட் இறுக்கமாக இருக்கும் நிலையில் கைடுக்கும் பெல்ட்டின் முதுகுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு கைடு போல்ட்டை இறுக்குங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஓடும்போது பெல்ட்டின் முதுகை அறுக்கும். அதிகமாக விலகியிருந்தால் இப்போது உங்களுக்கு நடப்பது நடக்கும்.

கைடு சரியாக இருந்தால் கேபிளில் தளர்ச்சி உண்டா, டென்ஷன் புல்லியைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இவையும் சரி என்றால் பெல்ட் ஒரு நம்பர் குட்டையாக வந்திருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். நீளும் என்று காத்திருக்க முடியாது.

பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் என்கிறார் ஒருவர்.
– ஒரு வாசகர், புளியங்குடி

யாருடைய கட்டைவிரல் என்பதைப் பொறுத்தது அது!

தனிக் கிளட்ச் உள்ள, பெல்ட் எப்போதும் இறுகி ஓடும் வண்டிக்கு உங்கள் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் எல்லா வி-பெல்ட்டுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. இரண்டு புல்லிகளின் மையத்துக்கு நடுவே உள்ள தூரத்தில் ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. வீதம் பெல்ட் உள்ளே போக வேண்டும். மையத் தூரம் 450 மி.மீ. என்றால் 7 மி.மீ. வரும். அந்த அளவு உள்ளே தள்ள எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதே இறுக்கத்தின் அளவு. மீன் கடையில் தொங்கும் மாதிரி ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். பெல்ட்டின் நடுவில் கொக்கியை மாட்டிச் செங்குத்தாக இழுங்கள். ஏ வகைப் பெல்ட்டுக்கு (மேல் அகலம் 13 மி.மீ.) 1 முதல் 1.5 கிலோ, பி வகைக்கு (17 மி.மீ.) 2 முதல் 3 கிலோ. புதுப் பெல்ட்டை மேல் அளவுக்கு வையுங்கள், அது இறங்கத்தான் போகிறது. நகர்வை அளக்க, இரண்டு புல்லிகளின்மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, அதிலிருந்து ஸ்கேல் பிடித்தால் போதும்.

இறுக்கத்தை மாற்ற, எஞ்சினைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். முன்னால் உள்ள தள்ளு போல்ட்டைச் சுற்றினால் எஞ்சின் அந்த நீளத் துளைகளில் நகரும். தள்ளு போல்ட் இல்லாத வண்டியில் மரக்கட்டையை நெம்புகோலாக வைக்கலாம். சிலிண்டர் விளிம்பிலும் சைலன்சரிலும் முட்டுக் கொடுக்காதீர்கள். நகர்த்திய பின் நான்கையும் எதிரெதிர் மூலையாக இறுக்கி, அளவை மறுபடி பாருங்கள். போல்ட் இறுகும்போது எஞ்சின் சற்றுத் திரும்பி அளவு மாறிவிடுவது வழக்கம்.

புதுப் பெல்ட் என்றால் அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி அளந்து இறுக்குங்கள். 8 முதல் 10 மணி நேர வேலைக்குப் பிறகு இன்னொரு முறை. அதன்பின் 50 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முதல் இரண்டு தடவையை விட்டுவிடுபவர்களின் பெல்ட்தான் முதல் பருவத்திலேயே கண்ணாடி போல மினுங்கிப் போகிறது.

இறுக்கம் கூடினாலும் கெடுதிதான். பெல்ட் தளர்ந்தால் பெல்ட் மட்டும் போகும். அளவுக்கு மீறி இறுகினால் எஞ்சின் அச்சின் பேரிங்கும் கியர் பெட்டியின் முகப்பு பேரிங்கும் போகும். அந்தச் செலவில் பல பெல்ட் வாங்கலாம்.

பெல்ட்டே கிளட்சாக இருக்கும் வீடருக்கு இந்தக் கணக்கை எடுத்துப் போகாதீர்கள். அதில் இறுக்கத்தைத் தருவது கேபிளும் ஸ்பிரிங்கும். முதல் கேள்வியில் சொன்ன முறைதான் அதற்கு.

எங்கள் லாண்ட்மாஸ்டரில் (இங்கே பவர் டில்லரை அப்படித்தான் சொல்வோம்) மூன்று பெல்ட். ஒன்று அறுந்துவிட்டது. மற்ற இரண்டும் நல்லாத்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வாங்கிப் போடலாமா? பெட்டி பூட்டி நெல் மூட்டை ஏற்றுவதும் இதில்தான்.
– ஒரு வாசகர், கிளிநொச்சி

தோட்டத்தில் பாதியில் நின்றால், வேலையை முடித்து வீடு வர ஒன்றை மட்டும் போடலாம். அதற்கு மேல் வேண்டாம். பழைய இரண்டும் ஓடி ஓடிக் கொஞ்சம் நீண்டிருக்கும், பக்கங்களும் தேய்ந்து பள்ளத்தில் இறங்கியிருக்கும். புதியது அவற்றைவிடக் குட்டை. மூன்றையும் ஒன்றாக இறுக்கினால் புதியதுதான் பாரம் முழுவதையும் சுமக்கும், பழையவை கூட ஓடுவதாகப் பாவனை செய்யும். சில நாளில் புதியதும் அறும். பழைய இரண்டையும் எறிந்துவிடாமல், ஆபத்துக்கு உதவ ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரே கடையில், ஒரே கம்பெனியில், முடிந்தால் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். பெல்ட்டின் முதுகில் நம்பரோடு தொகுதிக் குறியும் அச்சாகி இருக்கும். பூட்டிய பிறகு மூன்றின் தொங்கலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தெரியும் வேறுபாட்டை நம்ப முடியாது.

மூட்டை ஏற்றுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பாரப் பெட்டியோடு மேடு ஏறும்போது கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டினால் தேய்வது உள்ளே உள்ள தட்டுகள், பெல்ட் அல்ல. ஆனால் கிளட்சைச் சட்டென்று விடும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் உள்ளே ஓடும் நூல்கள் வெட்டிழுப்பு வாங்கும். மூன்றில் ஒன்று மட்டும், தேய்மானம் எதுவும் தெரியாமல், குறுக்கே வெட்டியது போல அறுந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பூட்டியது. அப்படிப் பூட்டும்போது வெளியே ஒரு கீறலும் தெரியாது, உள்ளே நூல் அறுந்திருக்கும். எஞ்சினை நகர்த்தித் தளர்த்தி, கையாலேயே போடுங்கள்.

பெல்ட்டில் நம்பர் அழிந்துவிட்டது. கடையில் அளந்து ஒன்று கொடுத்தார்கள், சேரவில்லை. எப்படி அளப்பது? பல் வெட்டிய பெல்ட் நீடித்து உழைக்கும் என்கிறார்களே, போடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வகையும் நீளமும். வகைக்கு பெல்ட்டின் மேல் அகலத்தை அளங்கள். 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம் என்றால் ஏ. 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. கனம் என்றால் பி. தேய்ந்த பெல்ட் ஒரு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். குழப்பமாக இருந்தால் கனத்தைப் பாருங்கள், அது அவ்வளவு தேய்வதில்லை.

நம்பர் என்பது உட்பக்கச் சுற்றளவு, அங்குலத்தில். ஏ-44 என்றால் உள்ளே 44 அங்குலம். தவறு நடப்பது இங்கேதான். அளப்பவர்கள் டேப்பைப் பெல்ட்டின் முதுகில் சுற்றுகிறார்கள். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் ஏ வகையில் 50 மி.மீ., அதாவது 2 அங்குலம் வித்தியாசம். பி வகையில் 69 மி.மீ. முதுகில் 1,168 மி.மீ. வந்தால் 50 கழித்து 1,118, அதை 25.4-ஆல் வகுத்தால் 44. நேராக அங்குலத்தில் படித்து 46 என்று வாங்கியிருந்தால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அது இறுகாது. பழைய பெல்ட் நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 44.4, 44.5 என்று வந்தால் கீழே உள்ள 44-ஐ எடுங்கள்.

பெல்ட்டே தொலைந்துபோனால் புல்லிகளிலிருந்து கணக்கிடலாம். பெரிய புல்லி, சின்னப் புல்லி விட்டங்களைக் கூட்டி 1.57-ஆல் பெருக்குங்கள். மையத் தூரத்தின் இரு மடங்கைச் சேருங்கள். விட்டங்களின் வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தாலேயே பெருக்கி, மையத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, அதையும் சேருங்கள். 200, 80 மி.மீ. புல்லிகள், மையத் தூரம் 350 என்றால் 440 + 700 + 10 = 1,150 மி.மீ. இது பெல்ட்டின் கனத்துக்கு நடுவே ஓடும் நீளம். ஏ வகைக்கு இதில் 36 கழித்தால் உள்ளளவு 1,114, அதாவது ஏ-44. புல்லி விட்டத்தையும் விளிம்பில் அளக்காமல், பெல்ட்டின் நடுக்கனம் ஓடும் இடத்தில் எடுக்க வேண்டும்.

மதுரையில் பெல்ட் ஆலை இருக்கும் தைரியத்தில் நம் பக்கக் கடைகளில் எந்த வி-பெல்ட்டையும் 'ஃபென்னர் பெல்ட்' என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. பெயரை எப்படிச் சொன்னாலும் வகையையும் நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல் வெட்டிய பெல்ட்டைப் பற்றி: பெல்ட் எப்போதும் இறுகி ஓடும் வண்டியில் தாராளமாகப் போடலாம். பல் வெட்டியிருப்பதால் சின்னப் புல்லியில் எளிதாக வளையும், சூடு குறையும். ஆனால் பெல்ட்டே கிளட்சாக இருக்கும் வீடரில் வேண்டாம். அந்தப் பெல்ட்டின் பக்கங்களில் துணி உறை கிடையாது, வெறும் ரப்பர். லீவரைத் தொட்டதும் கவ்விப் பிடித்து வண்டி பாயும். துணி சுற்றிய பெல்ட் கொஞ்சம் வழுக்கி, நிதானமாகப் பிடிக்கும். கிளட்சுக்கு வேண்டியது அந்த நிதானம். வண்டிக் கம்பெனி தரும் பெல்ட் விலை கூடுதலாக இருந்தாலும் இந்த வேலைக்கு அதையே வாங்கச் சொல்வோம். தோட்டக் கருவி கிளட்சுக்கென்று செய்த பெல்ட்டின் உறைத் துணியும் உள்நூலும் மாவு மில் பெல்ட்டில் இருப்பது அல்ல.

எஞ்சின் பக்கம் கொஞ்சம் பெரிய புல்லி போட்டால் கத்தி வேகமாகச் சுற்றி மண் பொலபொலவென்று வருமாமே?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

வேகமாகச் சுற்றும். மேலே சொன்ன 80-க்கு 200 புல்லியில், எஞ்சின் 3,600 சுற்று ஓடும்போது பெரிய புல்லி 1,440 சுற்று. 80-ஐ 100 ஆக்கினால் 1,800. வேகம் கால் பங்கு கூடும், கத்தியின் முறுக்கு விசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். உரம் கலந்து பலமுறை உழுத தோட்ட மண்ணில் இது வித்தியாசம் காட்டும். கெட்டி நிலத்தில் எஞ்சின் திணறி நிற்கும். கல் மோதும்போது கத்திக்கும் கியருக்கும் அடி கூடும், வண்டி முன்னால் துள்ளும். மண் பொலபொலப்பு வேண்டுமென்றால், சரியான ஈரப்பதத்தில், மெதுவான கியரில் இன்னொரு ஓட்டம் விடுங்கள். எங்கள் கருத்து அதுதான்.

இருந்தாலும் மாற்றுவேன் என்றால் இரண்டு எச்சரிக்கை. பெல்ட் நீளமும் மாறும். அதே மையத் தூரத்துக்கு ஏ-44 போய் ஏ-45 தேவைப்படும். லேத் பட்டறையில் புல்லி கடையச் சொன்னால் பள்ளத்தின் கோணத்தையும் சொல்லுங்கள். பெல்ட்டின் சரிவு 40 டிகிரி என்பதால் பள்ளத்தையும் 40 டிகிரியில் கடைந்துவிடுகிறார்கள். சின்னப் புல்லியில் வளையும் பெல்ட்டின் உட்பக்கம் பிதுங்கி, அதன் கோணம் குறுகிவிடும். அதனால்தான் 100 மி.மீ. ஏ வகைப் புல்லிக்கு 34 டிகிரி, 200 மி.மீ. புல்லிக்கு 38 டிகிரி. 75 மி.மீ.க்குக் குறைந்த புல்லியை ஏ பெல்ட்டுக்குப் போடவே கூடாது.

ஓடும்போது பெல்ட் கழன்றுவிடுகிறது, சில சமயம் பள்ளத்துக்குள்ளேயே கவிழ்ந்து கிடக்கிறது.
– ஒரு வாசகி, பண்ருட்டி

புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்பது முதல் காரணம். ஒரு நைலான் நூலை எடுத்து, பெரிய புல்லியின் முகத்தில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒட்டிப் பிடித்து, சின்னப் புல்லிவரை இழுங்கள். இரண்டு புல்லிகளின் விளிம்புக் கனமும் ஒன்றாக இருந்தால் நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். கனம் வேறு என்றால் பள்ளத்தின் நடுவுக்கு நடுவாக அளங்கள். அரை டிகிரி சாய்வுவரை பெல்ட் பொறுத்துக்கொள்ளும். 350 மி.மீ. தூரத்தில் அது 3 மி.மீ. நீங்கள் 1 மி.மீ.க்குள் கொண்டுவரப் பாருங்கள். விலகியிருந்தால் புல்லியின் அல்லன் போல்ட்டைத் தளர்த்தி, அச்சில் நகர்த்தி இறுக்குங்கள். அந்த போல்ட் தளர்ந்து புல்லி தானாகவே நகர்ந்திருக்கவும் கூடும், கூடவே சாவியும் (புல்லி அச்சில் தனியாகச் சுற்றாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் ஒரு முனையில் தொட்டு மறு முனையில் விலகினால் எஞ்சினே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை நான்கு போல்ட்டில் சரிசெய்ய வேண்டும்.

கோடு சரியாக இருந்தும் கவிழ்ந்தால் அந்தப் பெல்ட்டின் உள்நூல் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஒருமுறை கவிழ்ந்த பெல்ட்டைத் திருப்பிப் போட்டுப் பயனில்லை, மறுபடி கவிழும். முந்திரித் தோப்பில் ஓட்டுகிறீர்கள் என்றால் மூடிக்குள் சருகும் குச்சியும் புகுந்து பள்ளத்தில் சிக்குவதும் உண்டு. மூடியின் அடிப்பக்கம் உடைந்திருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

பெல்ட் கிறீச்சிடுகிறது. சோப்பு, மெழுகு, பிசின் பொடி எது தடவலாம்?
– ஒரு வாசகர், ராசிபுரம்

எதுவும் வேண்டாம். கிறீச் என்பது வழுக்கலின் சத்தம். பிசின் பொடி ஒரு மணி நேரம் பிடிக்கும், பிறகு மண்ணோடு சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடும். பெல்ட் அழுக்காக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் படக் கூடாது.

முன்னே போகிறது, பின்னே வரமாட்டேன் என்கிறது. கியர் பெட்டி போய்விட்டதா?
– ஒரு வாசகர், கம்பம்

பிரிக்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சில சின்ன டில்லர்களில் பின்னோட்டத்துக்குத் தனிப் பெல்ட்டும் தனிக் கேபிளும் உண்டு. அந்தக் கேபிள் நீண்டிருந்தால் நட்டைத் திருப்பினால் போதும். அதிகம் இறுக்கிவிட்டால் முன்னோட்டப் பெல்ட்டும் பின்னோட்டப் பெல்ட்டும் ஒரே நேரத்தில் பிடித்து ஒன்றையொன்று கருக்கும். ஒரே பெல்ட் உள்ள வண்டி என்றால் அது கியர் பெட்டி வேலைதான்.

நாலைந்து மாதம் வண்டி சும்மா நிற்கும். பெல்ட்டை என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பெல்ட் கிளட்ச் வண்டி என்றால் லீவரை விட்ட நிலையில் நிறுத்துங்கள், அது போதும். எப்போதும் இறுகி ஓடும் வகையில், எஞ்சின் போல்ட்டைத் தளர்த்தி இறுக்கத்தைக் குறைத்து வையுங்கள். இல்லையென்றால் பெல்ட் வளைந்த இடத்திலேயே விறைத்து, திரும்ப ஓட்டும்போது வண்டி உதறும். தளர்த்தி வைத்திருப்பதை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

மாற்றுப் பெல்ட்டை ஆணியில் மாட்டாமல், அகலமான கட்டையிலோ பழைய டயரிலோ வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். வண்டியைக் கழுவிய ஈரத்தோடு மூடியைப் பூட்டாதீர்கள், பள்ளத்தில் துரு ஏறி அரம் போல ஆகும். எலிக்கு அந்த மூடிக்குள் இருக்கும் இடம் ரொம்பப் பிடிக்கும். கூடு கட்டவும் செய்யும், பெல்ட்டைக் கடித்தும் பார்க்கும். முதல் நாள் எஞ்சினைக் கிளப்பும் முன் மூடியைத் திறந்து ஒருமுறை எட்டிப் பாருங்கள்.